மூன்று காட்சிகளில் வரும் கிளாக்கர்

1

நான் மிச்சத்தில் இருக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்க வேண்டாம். லண்டனின் தென்பக்கத்தில் மிச்சம் என்றே ஓர் இடம் உண்டு. நாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு அந்தப் பெயர்தான்.

கவுன்சிலில், அதாவது இங்கத்தைய நகரசபையில், பார்த்த வேலையில் இருந்து ஓய்வுபெற்று மூன்று வருடங்களாகின்றன. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் இங்குள்ள நூலகத்தில் வயதானவர்களுக்காகப் பழைய படம் போடுவார்கள். தேத்தண்ணீரும் பிஸ்கற்றும் உண்டு. வீட்டில் சும்மா இருந்தால் மனைவி ராணி எனக்கு ஏதாவது வேலை கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் தவறாமல் போவேன்.

போன வருடம் ஒரு செவ்வாயில் மகள் நிரோஷாவும் கூட வந்தாள். அவளுக்கு அன்று லீவு. வாடகை வீடுகளில் இருப்பவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் ஒரு நிலையத்தில் அவளுக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் போனுக்குள் தலையை விட்டபடி இருப்பவள். "நானும் வாறன் அப்பா" என்று ஆங்கிலத்தில் சொல்லி எழும்பியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே இருந்த கிழவர்களுக்கு அவளை அறிமுகம் செய்துவைத்தேன்.

படம் கறுப்பு வெள்ளை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அந்தக் காலத்தில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காகச் சிக்கனமாக எடுத்துத் தள்ளிய படங்களில் ஒன்று. கதை கடற்கரைச் சிறுநகரம் ஒன்றில் நடக்கிறது. நகரசபைத் தலைவர் தன் மைத்துனருக்குக் குடியிருப்புக் கட்டும் கொந்தராத்தைக் கொடுக்கிறார். சீமெந்தில் களவு. அதைக் கண்டுபிடித்த பொறியியலாளர் கடலில் பிணமாக மிதக்கிறார். அவருடைய தங்கையும் ஒரு பத்திரிகைக்காரனும் துப்புத் துலக்குகிறார்கள்.

சபை மண்டபத்துக் கதவை யாராவது அடித்துச் சாத்தினால் சுவர் முழுவதும் ஆடியது. மரத்தட்டியில் சுவர் வரைந்திருக்கிறார்கள். ஒரே மாடிப்படியைத்தான் நகரசபைக்கும் காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காட்டினார்கள், விளக்கை மட்டும் மாற்றி. எல்லாரும் சிரித்தார்கள். நிரோவும் சிரித்தாள். நானும் தொடக்கத்தில் சிரித்தேன்.

பிறகு சபையின் கோப்புகளைப் பார்க்கும் அந்தக் கிளாக்கர் வந்தார். மெலிந்த, மொட்டைத் தலை மனிதர். முதல் காட்சியில் தலைவர் கேட்டபடி ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஒரு தாளை உருவி எடுத்துக் கொடுக்கிறார். இரண்டாவது காட்சியில் பத்திரிகைக்காரன் அந்தக் கோப்பைக் கேட்கிறான். "எல்லாத் தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஐயா" என்கிறார். மூன்றாவதில் தலைவரைப் பொலிஸ் கொண்டுபோகிறது. இவர் அறைகளுக்கு நடுவே உள்ள ஓடையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஒதுங்கி வழிவிடுகிறார். அவ்வளவுதான். பத்திரிகைக்காரனும் தங்கையும் காரில் சிரித்துக்கொண்டு போக, பின்னால் திரையில் காட்டிய கடல் குலுங்க, படம் முடிந்தது.

லைற்றைப் போட்டார்கள். எனக்கு எழும்ப முடியவில்லை. கால் விறைத்துவிட்டது என்று நிரோவிடம் சொன்னேன்.

2

வீட்டுக்கு நடந்து வரும்போது நிரோ படத்தைப் பற்றியே பேசினாள். அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டு வழக்கம் அது.

"அந்தக் கிளாக்கரை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, கவனிச்சீங்களா அப்பா? அந்தத் தாளை எடுத்ததே அவர்தான். கதை எழுதினவங்களுக்கு அவரை மறந்துபோச்சு."

"சின்னப் பாத்திரம்தானே" என்றேன்.

"என்ர வேலையில அவரைத்தான் நான் கூடக் காணுறன். பெரிய கள்ளர் ஆரும் எங்கட கந்தோருக்கு வாறதில்லை. பதிவேட்டில ஒரு வரியை மாத்தின ஆள்தான் எல்லா ஃபைலுக்குள்ளயும் இருக்கிறார்." பிறகு என் கையைக் கோத்துக்கொண்டாள். "நீங்கள் கவுன்சிலில அவ்வளவு காலம் இருந்தீங்கள். அப்பிடி ஆக்கள் இருந்தவையா?"

"இருந்திருப்பினம்" என்றேன்.

"நான் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கேக்க உங்களைப் பற்றித்தான் எழுதினனான். மொழி தெரியாத தமிழ் அன்ரிமாரை ஒருத்தரும் ஏமாத்தக்கூடாதெண்டு என்ர அப்பா கவுண்டரில இருந்தவர் எண்டு. நேர்முகத்திலயும் அதையே சொன்னனான்."

அவள் அதை எனக்கு அதுவரை சொன்னதில்லை. வழியில் ஒரு தெரிந்தவர் வந்தார். அவரோடு தேவைக்கு மேல் நின்று கதைத்தேன்.

3

நாங்கள் லண்டனுக்கு ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள். அங்கே ஒன்பது வருடம் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு உயர்ந்தேன். பிள்ளை ஆங்கிலம் படிக்கவேண்டும் என்று ராணி சொன்னாள். வந்தோம்.

இங்கே ஒரு கவுன்சிலின் வீடமைப்புப் பகுதியில் கவுண்டர் வேலை கிடைத்தது. எந்தக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. தமிழ் தெரிந்தவன் என்பதுதான் என்னுடைய ஒரே தகுதி. முதல் வாரம் கன்ரீனில் "ஐ பிகம் எ டீ" என்று கேட்டேன். தேநீர் தாருங்கள் என்று கேட்கும் 'பெகொம' என்ற ஜெர்மன் சொல்லை ஆங்கிலமாக நினைத்துவிட்டேன். நான் தேநீராக மாறப்போகிறேன் என்று சொன்னதாகிவிட்டது. கன்ரீன் முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் எங்கள் மனேச்சர் ஒருவர்தான். அவரே போய் எனக்கு ஒரு கோப்பை வாங்கி வந்து தந்தார்.

அவர் நல்லவர். இதை எழுதாமல் விட்டால் நான் இன்னொரு பொய் சொன்னதாகும். அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது மூன்று கிழமை லீவு தந்தார். தேநீர் நேரத்தில் என்னோடு இருந்து தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கேட்பார். ஒருமுறை விளையாட்டாகச் சொன்னேன்: "எங்கள் மொழி சிக்கனமானது. கதவில் இருப்பதும் கைபிடி, படிக்கட்டில் இருப்பதும் கைபிடி, கேத்தலில் இருப்பதும் கைபிடி." அவர் மிகவும் ரசித்தார். "கைபிடி, கைபிடி" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அந்த நாட்களில் கழுத்தில் தொங்கும் கவுன்சில் அட்டையை நான் கழற்றுவதே இல்லை. அப்டன் பார்க்கில் மரக்கறி வாங்கப் போனாலும் அது தொங்கும். தெரிந்தவர்களின் கலியாண வீடுகளுக்கும் அதோடுதான் போயிருக்கிறேன். ராணி வாசலில் வைத்துக் கழற்றச் சொல்லுவாள். மறந்துபோனதுபோல் நடிப்பேன். ஆட்கள் கவுன்சிலில் இருந்து வந்த ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள், "அண்ணை, இது என்னெண்டு ஒருக்கால் பாருங்கோ" என்று. அடுப்படியில் நின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய போதை என்று இப்போது விளங்குகிறது.

4

ஜெசிந்தா அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். கவுன்சில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தார். கணவர் மரியதாஸ் அண்ணைக்கு வெதுப்பகத்தில் வேலை. அண்ணைக்கு அப்போதே கண்பார்வை குறைவு. ஒருநாள் அக்கா கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, எங்கட மூண்டாம் மாடிப் படிக்கட்டுக் கைபிடி ஆடுது. பிடிச்சால் கையோட வருது. இவர் அதைப் பிடிச்சுத்தான் இறங்கிறவர்."

கணினியில் பதிந்தேன். படிக்கட்டு, கைபிடி, ஆபத்து என்று எல்லாம் சரியாகத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு கிழமையில் "வேலை முடிந்தது" என்று வந்தது. அதற்கு அடுத்த கிழமை அக்கா மறுபடியும் வந்தார். ஒருவரும் வரவில்லை என்றார்.

திருத்த வேலைகளைச் செய்த கொம்பனி ஒரு கவுன்சிலரின் உறவினருடையது என்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும். போகாத இடங்களுக்குப் போனதாகவும் செய்யாத வேலையைச் செய்ததாகவும் பதிவுகள் வரும். மனேச்சரிடம் போய்ச் சொன்னேன். "பார்க்கிறேன்" என்றார். மூன்றாம் முறை அக்கா வந்தபோது நான் மனேச்சரிடம் போகவில்லை. நிரந்தர நியமனத்துக்கான என்னுடைய விண்ணப்பம் அப்போது அவர் மேசையில் இருந்தது.

"கொம்பியூட்டரில முடிஞ்சுதெண்டு கிடக்கு, அக்கா" என்றேன்.

"கொம்பியூட்டர் எங்கட படியில ஏறிப் பாத்ததோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு இறங்கும்போது மரியதாஸ் அண்ணை விழுந்தார். கைபிடி சுவரில் இருந்து பெயர்ந்து அவரோடு போனது. இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் வெதுப்பகத்தில் நின்று வேலை செய்யவே இல்லை.

5

அக்காவுக்காகத் தேவாலயத்தில் யாரோ முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். கவுன்சில் வைத்த விசாரணைக்கு முதல்நாள் மனேச்சர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் என்னுடைய பதிவின் ஒரு பிரதி. அதில் நான் எழுதியது இல்லை. "வீட்டுக் கதவின் கைபிடி தளர்ந்துள்ளது" என்று இருந்தது.

"உங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே?" என்றார். "நீங்கள்தானே சொன்னீர்கள். இது ஒருவருடைய பிழையும் இல்லை. மொழிக் குழப்பம். அவ்வளவுதான்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். அது நான் பதிந்ததுதான் என்று அந்தப் பிரதியில் கையெழுத்து வைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வாசிப்பவர்கள் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த நன்றியையும் நான்தான் அவருக்குச் சொன்னேன், அவர் எனக்கு அல்ல.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் அக்கா மட்டும். அண்ணை ஆஸ்பத்திரியில். மொழிபெயர்ப்பாளர் வெளியில் இருந்து வரவேண்டும் என்பது விதி. எங்கள் ஆளே இருக்கும்போது ஏன் தாமதிக்கவேண்டும் என்று மனேச்சர் கேட்டார். தலைமை வகித்த பெண்மணியும் சரி என்றார். ஆக, முறைப்பாட்டைப் பதிந்தவனும் நானே, மொழிபெயர்த்தவனும் நானே.

"அவர் சொன்ன சொல் எது?" என்று தலைவி கேட்டார்.

"கைபிடி."

"அதற்கு என்ன அர்த்தம்?"

"கதவில் இருப்பதைச் சொல்லுவோம்" என்றேன். அது உண்மை. உண்மையை வைத்துப் பொய் சொல்வது அவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் உங்களிட்டப் படிக்கட்டுக் கைபிடி எண்டுதானே சொன்னனான்? மூண்டு தரம் வந்து சொன்னனான். இவையளுக்கு அதைச் சொல்லுங்கோ."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "கைபிடியைப் பற்றி மூன்று தரம் வந்து சொன்னதாகச் சொல்கிறார்."

படிக்கட்டை விட்டுவிட்டேன். அவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கழுத்து அட்டையை நேராக்கினேன்.

மொழிக் குழப்பத்தால் நேர்ந்த தவறு என்று முடிவு வந்தது. அந்தக் கிழமையே படிக்கட்டுக் கைபிடியைப் பூட்டினார்கள். எனக்கு நியமனம் கிடைத்தது. அன்று பின்னேரம் நிரோவுக்குப் பிடித்த கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பிறகு மனேச்சர் வேறு கவுன்சிலுக்குப் பெரிய பதவியில் போனார். அக்கா குடும்பம் வீடு மாறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

6

படம் பார்த்து நான்கு நாள் பொறுத்தேன். சனிக்கிழமை நிரோ சாப்பிட வந்தாள். சாப்பாடு முடிந்ததும் சொல்லத் தொடங்கினேன். இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை, தமிழில்தான் சொன்னேன். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். ஓர் இடத்தில் நிறுத்தி, "கைபிடி எண்டால்?" என்று கேட்டாள்.

சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை. எழும்பிப் போய்க் குசினிக் கதவின் கைபிடியைத் தொட்டுக் காட்டினேன். பிறகு ஓடைக்குப் போய் எங்கள் மாடிப்படியின் கைபிடியைப் பிடித்துக் காட்டினேன். "இதுவும் கைபிடி, அதுவும் கைபிடி" என்று அறுபத்தெட்டு வயது மனிதன் வீட்டுக்குள் நடந்து நடந்து காட்டினேன். ராணி சிங்கில் தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றாள். அவளுக்கும் இது தெரியாது.

நிரோ கதவைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"அந்த அன்ரி எதைச் சொன்னவ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப குழப்பம் ஒண்டும் இல்லை."

"இல்லை."

அவள் கோபப்படவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, தாயைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். ராணி பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். "கேக்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். "அண்டைக்குக் கேக் வாங்கியந்தனீங்கள்."

அடுத்த நாள் நிரோவிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் என் அப்பா என்பதால் இதில் நான் இருக்க முடியாது. எங்கள் நிலையத்தில் இன்னொருவர் பார்ப்பார். முதலில் அந்த அன்ரியிடம் போய்க் கேளுங்கள், அவருக்கு இது வேண்டுமா என்று.

7

தேவாலயத்து ஆட்களிடம் விசாரித்து விலாசம் எடுத்தேன். வால்தம்ஸ்டோ. பிரிக்ஸ்டனுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ரெயினில் கடைசித் தரிப்பு வரை. இடையில் இரண்டு தரம் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

நிலமட்ட வீடு. அக்காவே கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் சற்று நின்று, "வாங்கோ தம்பி" என்றார். மரியதாஸ் அண்ணை கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடித்து நடக்கும் சட்டம்.

வழி முழுக்க மனத்துக்குள் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "அக்கா, நான் அண்டைக்கு நீங்கள் சொன்னதைச் சொல்லேல்லை. படிக்கட்டு எண்டதை விட்டிட்டன். வேணுமெண்டுதான் விட்டனான்" என்றேன்.

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்கு அப்ப இங்கிலிஸ் பத்துச் சொல்லுத்தான் தெரியும். அதில ஒண்டு ஸ்டெயர்ஸ். கீழ்வீட்டு வெள்ளைக்காரி என்னைக் காணுற நேரமெல்லாம் மைண்ட் த ஸ்டெயர்ஸ் எண்டு சொல்லுவா. உங்கட வாயால அந்தச் சொல்லு வருதோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை."

"ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? நான் சொன்னாலும் நீங்கள்தானே மொழிபெயர்க்க வேணும்."

மரியதாஸ் அண்ணை ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். நான் இருந்த அரை மணி நேரமும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

எழுதித் தரட்டுமா, ஆலோசனை நிலையத்துக்குப் போவோமா என்று கேட்டேன். அக்கா யோசித்தார். "போவம். ஆனா நீங்கள் எனக்காகக் கதைக்கக்கூடாது. வேற ஆளை ஒழுங்கு செய்யச் சொல்லுங்கோ."

8

நிலையத்தில் அக்காவையும் அண்ணையையும் என்னையும் சந்தித்த ஆலோசகர் ஓர் இளைஞர். நிரோ அன்று அந்தப் பக்கமே வரவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்க முடியுமா என்பது சந்தேகம் என்றார் அவர். ஆனால் கவுன்சிலின் பதிவைத் திருத்தக் கேட்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். என்னைப் பற்றியும் அவர்கள் விசாரிக்கக்கூடும் என்றார். சரி என்றேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

மொழிபெயர்க்க வந்தவள் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தினார்.

"தமிழில சொல்லட்டும். எங்களுக்கும் விளங்க வேணும்."

ஆகவே தமிழில் சொன்னேன், அக்காவுக்கும் அண்ணைக்கும் முன்னால், ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தி. நான் செய்தவை இன்னொருவருடைய வாயால் ஆங்கிலத்தில், என்னுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில், வெளியே வந்தன. கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். நன்றி சொன்னதையும் சொன்னேன். கைபிடி என்ற இடம் வந்தபோது அந்தப் பெண் என்னை நிறுத்தினாள்.

"சாரி சார், ஒரு நிமிஷம். கைபிடின்னா எது? கதவுல இருக்கறதா, படியில இருக்கறதா? தப்பா சொல்லிடக் கூடாது, அதான் கேக்கறேன்."

"படிக்கட்டில, பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்கவும் சொல்லவும் அவளுக்கு ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

எல்லாம் முடிந்து கையெழுத்து வைத்தோம். அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "நல்லாயிரு பிள்ளை" என்றார். மரியதாஸ் அண்ணையை எழுப்பி நிறுத்தி, அந்த நடக்கும் சட்டத்தைப் பிடிக்க வைத்தார். நானும் கோட்டை எடுத்தேன். பஸ் தரிப்பு எங்கள் மூவருக்கும் ஒன்றுதான்.

அக்கா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நாங்கள் முன்னுக்குப் போறம், தம்பி. நீங்கள் அடுத்த பஸ்ஸில வாங்கோ."

ஓம் என்றேன். உள்ளேயே இருந்து, அவர்களுடைய பஸ் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு எழும்பினேன்.